துக்கத்துக்கும் வேகம் இருக்கு: 'மாயா'வை முள்ளிவாய்க்காலில் கேட்பது

மே மாதம் வந்தால் முள்ளிவாய்க்காலில் எந்த மாதிரியான இசை ஒலிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். மெதுவான தாளம், பின்னால் ஒரு புல்லாங்குழல், நடுங்குகிற குரல். அதில் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. அந்தப் பாட்டுகளுக்கு எங்கட அம்மாமார் அழுவினம், நாங்களும் அழுதிருக்கிறம். ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கு: வன்னியின் கடைசி மாதங்கள் மெதுவான தாளத்திலா நடந்தது?

கிபிரின் இரைச்சல், தலைக்கு மேலே விடாமல் சுத்தின 'வண்டு', பல்குழல் விழுகிற வேகம், பங்கருக்குள் ஓடுகிற கால்கள். அது இரைச்சலின் காலம். அந்த இரைச்சலை இரைச்சலாகவே வைத்துக்கொண்ட இசை எங்கட பக்கத்தில் மிகக் குறைவு. எங்களுக்குத் தெரிந்த ஒன்று வெளிநாட்டில் இருந்து வந்தது. எம்.ஐ.ஏ. 2010 யூலையில் வெளியிட்ட 'மாயா'. பதினைந்து வருசத்துக்கு முந்தின அல்பத்தைப் பற்றி இப்ப ஏன் எழுதிறியள் எண்டு கேட்கலாம். இங்க அதை யாரும் ஒழுங்காகக் கேட்கேல்லை, அதுதான் காரணம்.

எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி அருட்பிரகாசம் 1975 இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, பிறகு 1986 இல் அகதியாகத் திரும்பவும் லண்டன் போனவர். முதல் அல்பம் 'அருளர்' (2005) அப்பாவின் இயக்கப் பெயர். இரண்டாவது 'கலா' (2007) அம்மாவின் பெயர். மூன்றாவது அவரது சொந்தப் பெயர். இந்த மூன்றுக்கும் அடியில் ஓடுகிற லண்டன் சத்தத்தை விளங்கிக்கொள்ள ட்ரம் அன்ட் பேஸ் என்றால் என்ன என்று கொஞ்சம் பார்க்கவேணும்.

1969 இல் தி வின்ஸ்டன்ஸ் என்கிற அமெரிக்கக் குழு 'ஆமென், பிரதர்' என்றொரு பாட்டைப் பதிந்தது. நடுவில் மற்ற எல்லா வாத்தியமும் நிற்க, கிரெகரி கோல்மன் என்கிற ட்ரம்மர் தனியே ஆறேழு செக்கன் வாசிப்பார். இருபது வருசம் கழித்து லண்டன் பொடியள், அதிலும் கரீபியன் குடும்பத்துப் பிள்ளைகள் பலர், அந்தத் துண்டை எடுத்து, வேகத்தைக் கூட்டி, துண்டு துண்டாக வெட்டி மாற்றி அடுக்கினார்கள். அப்படித்தான் ஜங்கிள் வந்தது, அதிலிருந்து ட்ரம் அன்ட் பேஸ் வந்தது. நிமிடத்துக்கு 170 அடிக்கு மேலே ட்ரம் ஓடும். அடியில் பேஸ் அதன் பாதி வேகத்தில் அசையும். மேலே ஓட்டம், கீழே நடை.

இந்தக் கணக்கு எங்களுக்குப் புதிசு இல்லை. கிளிநொச்சி, விசுவமடு, தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று மூட்டை முடிச்சோடு சனம் நடந்தது மெதுவாகத்தான். வானம்தான் வேகமாக இருந்தது.

'கலா'வில் உள்ள 'எக்ஸ்ஆர்2' என்ற பாட்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இருந்த அந்த லண்டன் ரேவ் இரவுகளைத்தான் நினைவுபடுத்துகிறது. 'மாயா' சுத்தமான ட்ரம் அன்ட் பேஸ் இல்லை. ஆனால் அதே குடும்பத்துப் பிள்ளை. ரஸ்கோ போன்ற டப்ஸ்டெப் தயாரிப்பாளர்கள் அதில் வேலை செய்திருக்கிறார்கள். 'ஸ்டெப்பின் அப்' என்ற பாட்டில் ட்ரில் மெசினும் மரம் அறுக்கிற வாளும்தான் வாத்தியம். 'மெட்ஸ் அன்ட் ஃபெட்ஸ்' கிட்டாரை ஸ்பீக்கர் கிழிகிற அளவுக்கு உயர்த்தி வைத்திருக்கும். மெட்டு வந்து கையைப் பிடிக்கும் என்று காத்திருந்தால் ஏமாந்து போவியள்.

இந்தச் சத்தம் எங்க இருந்து வந்தது? 2009 பெப்ரவரி 4 இல், செல் விழுந்துகொண்டிருந்த புதுக்குடியிருப்பு வைத்தியசாலையில் இருந்து நோயாளர்கள் புதுமாத்தளனுக்கு மாற்றப்பட்டார்கள். நாலு நாள் கழித்து, பெப்ரவரி 8 இல், நிறைமாதக் கர்ப்பிணியாக எம்.ஐ.ஏ. லொஸ் ஏஞ்சல்ஸில் கிராமி மேடையில் ஜே-சீ, கான்யே வெஸ்ட் ஆட்களோடு பாடிக்கொண்டிருந்தார். உலகம் அவரைப் பார்த்த அளவுக்கு வன்னியைப் பார்க்கேல்லை. அந்த வருசத் தொடக்கத்திலேயே அவர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இங்க நடப்பதை இனப்படுகொலை என்று சொன்னார். கேட்டவர்களில் பலர் பாடகிக்கு ஏன் அரசியல் என்றார்கள். அப்படிச் சொல்லியும் பயனில்லாமல் போனதற்குப் பிறகு வந்த அல்பம் இது. அதில் இனிமை இல்லாதது எங்களுக்கு ஆச்சரியம் இல்லை.

மேற்கத்தைய விமர்சகர்களில் கனபேருக்கு அது பிடிக்கேல்லை. பிட்ச்ஃபோர்க் பத்துக்கு 4.4 போட்டது. அல்பம் வெளிவர முன்னமே நியூயோர்க் ரைம்ஸ் சஞ்சிகையில் வந்த நீண்ட கட்டுரையால், அவர் பேட்டியின்போது என்ன உருளைக்கிழங்குப் பொரியல் சாப்பிட்டார் என்பதே பெரிய விவாதமானது. முதல் பாட்டான 'த மெசேஜ்' ஒரு நிமிடம்கூட இல்லை. கைபேசியில் இருந்து இணையம், இணையத்தில் இருந்து கூகிள், கூகிளில் இருந்து அரசாங்கம் என்று சங்கிலி கோர்க்கும். அப்போது அதை விசர்க் கதை என்றார்கள். 2013 இல் எட்வர்ட் ஸ்னோடன் ஆவணங்களை வெளியிட்ட பிறகு அப்படிச் சிரிக்க ஏலாமல் போனது. யார் என்ன எழுதுகிறார்கள், யார் எந்தக் கூட்டத்துக்குப் போகிறார்கள் என்று விசாரிக்கப்பட்டே வளர்ந்த வன்னிப் பிள்ளைக்கு அந்தப் பாட்டை விளங்கப்படுத்தவே தேவையில்லை.

'போர்ன் ஃப்ரீ' பாட்டின் காணொளியும் அப்படித்தான். ரோமன் காவ்ராஸ் எடுத்தது, ஒன்பது நிமிடம் வரும். செந்நிறத் தலைமுடி உள்ள இளைஞர்களை ஆயுதம் தாங்கியவர்கள் பிடித்து பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவார்கள். பிறகு நடப்பதை இங்க சொல்லத் தேவையில்லை. அதிர்ச்சிக்காக எடுத்தது என்று வெளியில் சொன்னார்கள். எங்கட ஊரில் அதைப் பார்க்கிற ஒரு தாய், இப்படி ஒரு பஸ்ஸில் ஏறின தன் பிள்ளையைத்தான் நினைப்பா.

இனி எதிர்ப்பக்கம். மூன்று கேள்விகள் எங்களிடம் அடிக்கடி வருகின்றன.

முதலாவது: அவ இங்க இருந்தவவா? இல்லை. அவவை எங்கட பிரதிநிதி என்று நாங்கள் சொல்லவும் இல்லை. அண்மைக் காலத்தில் தடுப்பூசி பற்றி அவ சொல்லும் கதைகளோடு எங்களுக்கு உடன்பாடும் இல்லை. ஆனால் அவ எங்களைப் பிரதிநிதித்துவப்படுத்துறாவா இல்லையா என்று சண்டை பிடித்தே அந்த இசையைக் கேட்காமல் விட்டுவிட்டோம். ஒரு அல்பத்துக்குப் பாராளுமன்ற உறுப்பினரின் வேலை கொடுக்கக்கூடாது.

இரண்டாவது கேள்வி கனமானது. வெடிச் சத்தம் கேட்டால் இன்னும் திடுக்கிடுகிற சனத்தின் நடுவில் இப்படிப்பட்ட இசை தேவையா? தைப்பொங்கலுக்குப் பட்டாசு கொளுத்தினாலே வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்துகிற ஆட்கள் எங்கட வீடுகளில் இருக்கினம். ஆகவே இதை ஒலிபெருக்கியில் போடச் சொல்லி நாங்கள் கேட்கேல்லை. ஹெட்ஃபோனில் கேளுங்கோ எண்டுதான் சொல்றம். 2009 இல் எங்களுக்கு ஆறு, ஏழு வயது. எங்களில் சிலருக்கு அந்தக் காலம் முகங்களாக நினைவில்லை, சத்தமாகத்தான் நினைவு. அந்தச் சத்தத்தை நாங்கள் தொடங்கவும் இல்லை, நிறுத்தவும் முடியேல்லை. ஒரு பாட்டில் அது வரும்போது நிறுத்துகிற பொத்தான் எங்கட கையில் இருக்கு. இது சின்ன விசயம் இல்லை.

மூன்றாவது கேள்வி எங்களுடையது: இந்த இசையில் யாருடைய உழைப்பு இருக்கு? 'ஆமென், பிரதர்' துண்டு ஆயிரக்கணக்கான பாட்டுகளில் வெட்டி ஒட்டப்பட்டது. அதை வாசித்த கிரெகரி கோல்மன் அதற்கு ஒரு சதமும் கிடைக்காமல் 2006 இல் வீடில்லாதவராக இறந்தார். 'கலா'வுக்காக எம்.ஐ.ஏ. தமிழ்நாட்டு உறுமிக் கலைஞர்களை வைத்துப் பதிவு செய்தார். 'போய்ஸ்' பாட்டை உலகம் முழுக்க ஆடினவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கலைஞர்களில் ஒருவரின் பெயராவது தெரியும்? இங்கேயும் கதை வேறு இல்லை. பறை அடிப்பவரைச் செத்தவீட்டுக்குக் கூப்பிடுவோம், பக்கத்தில் இருத்திச் சாப்பாடு போட யோசிப்போம். பிறகு பறை எங்கள் அடையாளம் என்று மேடையில் பேசுவோம்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கு. எங்கட பீடத்திலும் ஊரிலும் மடிக்கணினியில் தாளம் செய்கிற பொடியளும் பெட்டையளும் இப்ப இருக்கினம். அவர்களிடம் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: இந்த மண்ணைப் பற்றிச் செய்வதென்றால் சோகமாகச் செய். சோகத்துக்கு ஒரே வேகம்தான் என்று யார் சொன்னது? முல்லைத்தீவின் கோவலன் கூத்தைப் பாருங்கோ. கண்ணகி கதை முழுக்க இழப்பும் கோபமும். ஆனால் அண்ணாவியாரின் மத்தளம் அழுதுகொண்டு இருக்காது. தாளக்கட்டு ஏற ஏற ஆடுபவரின் கால் அதைப் பிடிக்க ஓடும். அநியாயமாகப் புருசனை இழந்தவளின் கதையை இந்த மண் எப்பவோ தொட்டு வேகமாகவும் சொல்லியிருக்கு.

அதனால் 'மாயா'வைப் போல ஒன்றைச் செய்யுங்கோ எண்டு நாங்கள் சொல்லேல்லை. அது வெளியில் இருந்து பார்த்தவவின் கோபம். நந்திக்கடலுக்கும் கடலுக்கும் இடையில் உள்ள இந்தத் துண்டு நிலத்துக்கு வேறு ஒலிகள் இருக்கு: விடிய முன்னம் கரையால் வெளிக்கிடுகிற வள்ளத்தின் இஞ்சின், பனை ஓலையில் அடிக்கிற காற்று, கூத்துக் கொட்டகையின் மத்தளம். அவற்றைப் பதியுங்கோ, வெட்டுங்கோ, வேகத்தைக் கூட்டுங்கோ. மத்தளம் வாசிக்கிற அண்ணாவியாரிடம் முதலில் கேளுங்கோ, அவருக்குரிய காசைக் குடுங்கோ, பாட்டின் கீழே அவரது பெயரைப் போடுங்கோ. செய்து முடிச்சால் எங்களுக்கு அனுப்புங்கோ. ஹெட்ஃபோனில் கேட்டு, பிடிக்காவிட்டாலும் அதைப் பற்றி நேர்மையாக எழுதுவோம்.