பலகையில் வளன், தொட்டிலில் யார்?

திருமுழுக்குச் சடங்கில் குருவானவர் பெற்றோரிடம் கேட்கும் முதல் கேள்வி குழந்தையின் பெயரைப் பற்றியது. விசுவாசத்தைப் பற்றியும் ஞானப் பெற்றோரின் பொறுப்பைப் பற்றியும் வினவுவதற்கு முன்பே திருச்சபை பெயரைக் கேட்கிறது. அந்தக் கேள்விக்கு இன்று நம் பங்குகளில் கிடைக்கும் விடைகள் நெஞ்சைக் கனக்கச் செய்கின்றன. எண்கணிதக்காரர் எழுதிக் கொடுத்த துண்டுத் தாளைப் பார்த்து எழுத்துக் கூட்டி வாசிக்கப்படும் பெயர்கள். பொருள் என்னவென்று கேட்டால் தாய்க்கும் தெரியாத, தந்தைக்கும் தெரியாத பெயர்கள். “கேட்க அழகாக இருக்கிறது, சாமி” என்ற ஒரே நியாயத்தோடு பீடத்தருகே வந்து நிற்கும் பெயர்கள்!

புனித சூசையப்பரின் பெயரையே இட விரும்புவோர் கூட, ஜோசப் என்னும் ஆங்கில ஒலியோடு நின்றுவிடுகின்றனர். ‘வளன்’ என்ற பெயர் அவர்கள் நினைவில் எழுவதே இல்லை. திருச்சிராப்பள்ளியில் தூய வளனார் கல்லூரி தலைநிமிர்ந்து நிற்கிறது. பள்ளிகளின் பெயர்ப் பலகைகளிலும் வளனார் வீற்றிருக்கிறார். நம் வீட்டுத் தொட்டில்களில் மட்டும் அவரைக் காணோம்! வளனரசு என்பது போன்ற கூட்டுப் பெயர்களில் இங்கொருவரும் அங்கொருவருமாகத் தென்படுகிறாரேயன்றி, ஊருக்குப் பத்துப் பேர் தாங்கும் பெயராக அது வளரவில்லை. இஃது ஏன் என்று நாம் கேட்டாக வேண்டும்.

இப்பெயரை நமக்கு ஈந்தவர் வீரமாமுனிவர். 1680ஆம் ஆண்டு இத்தாலி நாட்டுக் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்து, 1710இல் இந்திய மண்ணில் கால்வைத்த இயேசு சபைத் துறவி அவர். கொன்ஸ்தான்சோ ஜுசேப்பே பெஸ்கி என்பது அவருடைய இயற்பெயர். உறுதிப்பாட்டைக் குறிக்கும் கொன்ஸ்தான்சோ என்ற சொல்லின் பொருளை உணர்ந்து, தம்மைத் தைரியநாதர் என்று தமிழில் அழைத்துக்கொண்டார். ஜுசேப்பே என்பது சூசையப்பரின் பெயர். தம் பெயரின் அப்பாதிக்கும் அவர் தமிழ் கண்டார். அதைத் தமக்குச் சூட்டிக்கொள்ளாமல் தம் காப்பியத் தலைவனுக்குச் சூட்டினார். அதுவே வளன். 3615 பாடல்களால் ஆன தேம்பாவணியின் மூன்றாம் படலத்திற்கே ‘வளன் சனித்த படலம்’ என்று பெயர்.

போர்த்துக்கீசியரின் ‘ஜோசே’ தமிழ் நாவில் உருண்டு சூசை ஆயிற்று. அதில் ஒலி வந்தது, பொருள் வரவில்லை. முனிவர் பொருளைத் தேடினார். யோசேப்பு என்ற எபிரேயச் சொல் ‘அவர் கூட்டுவாராக, மிகுவிப்பாராக’ என்று பொருள்படும். தொடக்கநூல் முப்பதாம் அதிகாரத்தில், நெடுநாள் மலடி என்று இகழப்பட்ட இராகேல் தன் முதல் மகனை ஈன்றெடுத்தபோது, ஆண்டவர் தனக்கு இன்னும் ஒரு மகனைக் கூட்டித் தரவேண்டும் என்ற மன்றாட்டையே அவனுக்குப் பெயராக்கினாள். மிகுதலும் செழித்தலும் தமிழில் வளம் எனப்படும். நலம் நலன் என்றும், பலம் பலன் என்றும் வருதல் போல வளம் வளன் என்றும் வரும். இறுதியில் நின்ற னகர மெய்யோ ஆண்பாற் பெயருக்கும் இயல்பாகப் பொருந்துகிறது. பண்பைக் குறிக்கும் சொல்லே ஒட்டும் வெட்டும் இன்றி ஒரு மகனின் பெயராகிவிட்டது! மூன்றே எழுத்தில் எபிரேயத் தாயின் செபத்தைத் தமிழாக்கிய இத்திறம் வியக்கத்தக்கது.

இனி இதன் எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். எண்கணிதம் என்ன செய்கிறது? தமிழ்க் குழந்தையின் பெயரை ஆங்கில எழுத்துகளில் எழுதி, ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணை இட்டு, கூட்டுத்தொகை சரியில்லை என்று சொல்லி, இன்னும் ஓர் எழுத்தைச் சேர்க்கச் சொல்கிறது. அந்த எழுத்தால் செல்வம் பெருகும், நோய் விலகும், வேலை கிடைக்கும் என்று வாக்களிக்கிறது. குழந்தையின் பாட்டியால் வாசிக்கக்கூட இயலாத வேற்று எழுத்துகளில் அக்குழந்தையின் விதி ஒளிந்திருக்கிறதாம்! வளன் என்ற பெயர் கூட்டித் தருபவர் கடவுள் என்று அறிக்கையிடுகிறது. எண்கணிதமோ நீயே ஓர் எழுத்தைக் கூட்டிக்கொள், கடவுளுக்குக் காத்திராதே என்கிறது. இவ்விரண்டும் ஒரே பதிவேட்டில் எவ்வாறு இடம்பெறும்? சோதிடம், குறி, சாத்திரம் ஆகியவற்றை நாடுவது முதல் கட்டளைக்கு முரணானது என்று திருச்சபையின் மறைக்கல்வி தெளிவாகவே கற்பிக்கிறது. பாவத்தை விட்டுவிடுவதாக வாக்களிக்கும் நாளில், குறிகாரர் தந்த பெயரோடு திருமுழுக்குத் தொட்டிக்கு வருவது எவ்வகை நேர்மை?

வளம் என்பது பணம்தானே என்று எவரும் மயங்கவேண்டாம். ஆற்று வளம், மண் வளம் என்று நம் முன்னோர் சொன்னது, பிறரை ஊட்டி வளர்க்கும் நிறைவையே. எகிப்தில் முதலாம் யோசேப்பு களஞ்சியங்களை நிரப்பியது ஏழாண்டுப் பஞ்சத்தில் மக்களுக்கு உணவளிப்பதற்காக. நாசரேத்தூர்த் தச்சரோ ஆட்டுக்குட்டி வாங்க வசதியற்ற ஏழைகளுக்குரிய காணிக்கையையே கோவிலில் செலுத்தினார். ஆயினும் அவருடைய உழைப்பில் இறைமகன் வளர்ந்தார். ஏழைத் தச்சருக்கு வளன் என்று பெயரிட்ட முனிவர், எது உண்மையான வளம் என்பதையும் அப்பெயராலேயே கற்பித்துவிட்டார்.

“யாரும் வைக்காத பெயராக இருக்கிறதே” என்பர் சிலர். வரலாறு அறியாத தயக்கம் இது. மேலைத் திருச்சபையில் யோசேப்பு என்ற பெயரும் பல நூற்றாண்டுகள் அரியதாகவே இருந்தது. அவருடைய விழா உரோமை நாட்காட்டியில் இடம்பெற்றதே 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அவிலா நகரின் புனித தெரேசா 1562இல் தாம் நிறுவிய முதல் சீர்திருத்த மடத்திற்குச் சூசையப்பர் பெயரை இட்டார். அத்தகையோரின் பக்தியால்தான் அப்பெயர் கத்தோலிக்க நாடுகளின் இல்லங்களில் பரவியது. பக்தி முதலில் வேரூன்றியது. பெயர் பின்னர்ப் பூத்தது. 1870இல் திருச்சபை முழுமைக்கும் பாதுகாவலராக அறிவிக்கப்பட்டவர் அவர். 2020 திசம்பர் 8 முதல் ஓராண்டுக் காலம் அவருக்கென்றே ஒதுக்கப்பட்டு, நாமும் செபமாலையும் நவநாளும் செய்தோம். பக்தி நம்மிடம் உண்டு. அப்பக்தி நம் தாய்மொழியில் ஏன் பூக்கவில்லை?

“இது புனிதர் பெயராகத் தோன்றவில்லையே” என்பது அடுத்த தடை. அது புனிதரின் பெயரேதான். 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், பெற்றோர் கிறிஸ்தவப் பெயரிட இசையாவிடில் குருவானவரே புனிதர் ஒருவரின் பெயரைச் சேர்த்து இரண்டையும் பதியவேண்டும் என்றது. 1983ஆம் ஆண்டின் சட்டம் அவ்வாறு நிர்ப்பந்திக்கவில்லை. கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியமான பெயர் இடப்படலாகாது என்று மட்டும் கூறி, அப்பொறுப்பைப் பெற்றோர், ஞானப் பெற்றோர், பங்குத்தந்தை ஆகிய மூவர் தோளிலும் வைத்தது. சுதந்திரம் விரிந்திருக்கிறது. அதைப் பொருளற்ற ஒலிகளுக்கு விற்றுவிடவா திருச்சபை விரித்தது?

ஒன்றை நேர்மையோடு ஏற்கவேண்டும். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம், பிற சபையாரோடு ஒன்றிப்பை நாடிப் பேதுரு, பவுல், யோவான் என்ற வடிவங்களைக் கொண்டது. நோக்கம் போற்றத்தக்கது. எனினும் இராயப்பரும் சின்னப்பரும் அருளப்பரும் வாசக மேடையிலிருந்து இறங்கியபோது, இல்லங்களிலாவது அவர்களுக்கு இடமளித்திருக்க வேண்டாமா? சிறியவர் என்று பொருள்படும் இலத்தீன் பெயரைச் சின்னப்பர் என்று தமிழாக்கிய நம் முன்னோரின் அறிவை, இன்று நம் பிள்ளைகள் நாட்டுப்புறப் பெயர் என்று நகைக்கிறார்கள். நகைக்கக் கற்றுக் கொடுத்தவர்கள் நாமே அல்லவா?

வேறொரு சாராரின் அச்சத்தை இதனோடு சேர்த்துப் பேசமாட்டேன். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால், தலித் கிறிஸ்தவர் பட்டியல் இனத்தாருக்குரிய உரிமைகளை இழந்து நிற்கின்றனர். சான்றிதழில் கிறிஸ்தவப் பெயர் ஏறினால் பிள்ளையின் எதிர்காலம் என்னாகுமோ என்று அஞ்சும் பெற்றோர்மீது கல்லெறிய எவருக்கும் உரிமை இல்லை. அந்த அநீதியை நீக்கப் போராடுவது நம் அனைவரின் கடமை. நான் வழக்காடுவது, எந்த அச்சமும் இன்றி, நாகரிகம் என்ற ஒன்றுக்காகவே தம் மரபை உதறுவோரிடம்.

நற்செய்தி ஏடுகளில் சூசையப்பர் பேசியதாக ஒரு வாக்கியமும் இல்லை. ஆயினும் அவர் வாய் திறந்து செய்த செயல் ஒன்றை மத்தேயு குறித்து வைத்திருக்கிறார்: அவர் குழந்தைக்கு இயேசு என்று பெயரிட்டார். அப்பெயரை வானதூதர் அறிவித்தபோது அதன் காரணத்தையும் சேர்த்தே அறிவித்தார். பொருள் உணர்ந்து பெயரிடுதல் தந்தையின் கடமை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆகவே தந்தையரே, தாய்மாரே, திருமுழுக்குக்கு நாள் குறிக்க வருமுன் ஒரு மாலைப்பொழுதேனும் குடும்பமாக அமர்ந்து பெயரைப் பற்றிச் செபித்துப் பேசுங்கள். குழந்தை வளர்ந்து, “எனக்கு ஏன் இந்தப் பெயர்?” என்று கேட்கும் நாளில் சொல்வதற்கு ஒரு விடையைத் தேடி வையுங்கள். அந்த விடையில் எண்ணும் எழுத்தும் வேண்டாம். இராகேலின் மன்றாட்டு இருக்கட்டும், தச்சரின் உழைப்பு இருக்கட்டும், முனிவரின் தமிழ் இருக்கட்டும். அவ்வாறு தேடி வந்து, “சாமி, வளன் என்று எழுதுங்கள்” என்று நீங்கள் சொன்னால், உங்கள் பங்குத்தந்தை மகிழ்ச்சியோடு பதிவேட்டைத் திறப்பார்.