கல்வராயன் மலையேறிய பாட்டியம்மா

சகோதரிகளே, பிள்ளைகள் ஹாஸ்டலுக்குப் போனதும் வீடு வெறிச்சோடிக் கிடக்குது என்று கள்ளக்குறிச்சிப் பக்கம் யாராவது சொன்னால், எனக்கு ஈவ்லின் பிராண்ட் அம்மா ஞாபகம்தான் வரும். 1923-ல் ஒன்பது வயசு மகன் பாலையும் மகள் கானியையும் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டுவிட்டுக் கணவரோடு கொல்லிமலை திரும்பினார். (அந்தப் பால்தான் பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளுக்குக் கை தந்த டாக்டர்!) கப்பல் தபால்தான் துணை. 1929-ல் கணவர் ஜெஸ்ஸியும் காய்ச்சலில் போய்விட்டார்.

மிஷன் ஓய்வு கொடுத்தும் சீமைக்குப் போகவில்லை. எழுபதை நெருங்கும் வயசில் நம்ம கல்வராயன் மலைக்கு வந்தார். ஜெபித்துவிட்டு மூலையில் உட்காரலை. குதிரையேறி நோயாளிகளைத் தேடிப் போனார். 1974-ல், 95 வயசில்தான் ஓய்ந்தார்.

நானும் காலை ஜெபம் முடிச்சதும் தெருக்கோடிப் பாட்டிக்கு ரசம் கொண்டுபோறேன். அவங்க பேச்சை நிறுத்தினால்தானே, வீடு திரும்ப மணி பன்னிரண்டாகுது!