விளக்குக்கும் வடிகாலுக்கும் இடையே மேரி சீக்கோல்

மேரி சீக்கோல் தாதியா, சாப்பாட்டுக்கடை நடத்தியவரா என்ற வழக்கு, 2016 ஜூன் 30 அன்று இலண்டனின் செயின்ற் தோமஸ் வைத்தியசாலை முன்றலில் அவருக்குச் சிலை திறக்கப்பட்டதோடு முடிந்திருக்க வேண்டும். ஆயினும் நவீன தாதியியலின் முன்னோடியெனப் போற்றப்படும் புளோரன்ஸ் நைட்டிங்கேலின் பெருமையைக் காக்கவென்றே அமைந்த சங்கமும் அதன் முன்னணியில் நிற்கும் கனேடிய அறிஞர் லின் மக்டொனால்டும், அந்த வைத்தியசாலையிலேயே 1860இல் நைட்டிங்கேலின் பெயரால் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது என்பதைக் காரணம் காட்டி, அச்சிலை அங்கே நிற்பது வரலாற்றுப் பிழை என்று வாதிட்டனர். அவர்கள் எழுப்பிய வாதம், நைட்டிங்கேல் பிறந்த மே 12ஆம் நாளில் வரும் சர்வதேச தாதியர் தினத்தை ஒட்டி இன்றும் தலைதூக்குகிறது. பொது வைத்தியசாலையின் முன்றல் எவர் பெயரிலும் எழுதப்பட்ட உறுதிக்காணி அன்று என்பதே இதற்குப் போதுமான பதிலாகும்.

ஜமேக்காவின் கிங்ஸ்ரனில் 1805இல் ஸ்கொத்லாந்துப் படையாளுக்கும், நோயாளரைத் தங்கவைத்து மூலிகை வைத்தியம் செய்த கலப்பினப் பெண்ணுக்கும் பிறந்த சீக்கோல், 1850இல் கிங்ஸ்ரனிலும் மறு ஆண்டு பனாமாவிலும் கொள்ளைநோயாய்ப் பரவிய வாந்திபேதியை நேரில் எதிர்கொண்டவர். 1854இல் கிரிமியப் போருக்குத் தாதியாகச் செல்ல விண்ணப்பித்து மறுக்கப்பட்ட அவர், சொந்தச் செலவில் சென்று, கிரிமியாவின் பலக்லாவாவுக்கு அருகே விடுதியொன்றை அமைத்து, அங்கே உணவும் மதுவும் மருந்தும் விற்றதோடு போர்க்களத்திலேயே காயமுற்றோரையும் கவனித்தார். போர் முடிந்ததும் கடனாளியானார். அவருடைய கல்லறை 1973 வரை கவனிப்பாரற்றுக் கிடந்தது. 2013இல் பிரித்தானியப் பாடத்திட்டத்திலிருந்து அவர் பெயரை நீக்கும் யோசனை எழுந்தபோது 35,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு அதைத் தடுக்க வேண்டியிருந்தது.

அவர் பயிற்சி பெற்ற தாதி அல்லர் என்பதே எதிர்த்தரப்பின் முதன்மை வாதம். நைட்டிங்கேல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் 1851இல் பெற்ற பயிற்சி மூன்று மாதமளவே என்பதையும், தாதியரைப் பரீட்சை வைத்துப் பதிவேட்டில் சேர்க்கும் முறையைப் பிற்காலத்தில் எதிர்த்தவர்களுள் அவரே முதன்மையானவர் என்பதையும், அந்தப் பதிவு பிரித்தானியாவில் 1919இலேயே சட்டமானது என்பதையும் இவ்வாதக்காரர் வசதியாக மறந்துவிடுகின்றனர். பதிவேட்டை விரும்பாத ஒருவரின் பெயரால், பதிவேடே இல்லாத காலத்தில் வாழ்ந்த இன்னொருவரிடம் சான்றிதழ் கேட்பது நகைப்புக்குரியது. சீக்கோலின் மருந்துகளில் ஈயமும் பாதரசமும் இருந்தன என்ற குற்றச்சாட்டும் அத்தகையதே. பட்டம் பெற்ற மருத்துவரும் அக்காலத்தில் பாதரசத்தைத்தான் ஊட்டினர்.

இந்த விவாதத்தில் உண்மையில் பேசப்பட வேண்டியவை 42.7, 2.2 என்னும் இரண்டு எண்களே. ஸ்குட்டாரியில், அதாவது இஸ்தான்புல்லுக்கு எதிர்க்கரையில் கிரிமியப் போரின்போது பிரித்தானியப் படை நடத்திய வைத்தியசாலையில், 1855 பெப்ரவரியில் நூற்றுக்கு 42.7 ஆக இருந்த இறப்பு வீதம் ஜூன் மாதத்தில் 2.2 ஆக வீழ்ந்தது. நைட்டிங்கேலும் அவரோடு சென்ற 38 தாதியரும் அங்கே வந்து சேர்ந்தது 1854 நவம்பரில். விளக்கேந்திய சீமாட்டி எனப் புகழப்படும் நைட்டிங்கேல் இரவிரவாகக் கட்டில்களிடையே நடந்த அந்த மாரிகாலத்தில் மரணம் குறையவில்லை, கூடியது. குறைத்தது 1855 மார்ச்சில் வந்த சுகாதார ஆணைக்குழுவாகும். பொங்கி வழிந்த மலக்குழிகளுக்கு மேலே கட்டில்கள் போடப்பட்டிருந்ததைக் கண்ட அக்குழுவினர் வடிகால்களைக் கழுவி, குடிநீர் வரும் வழியைச் சுத்தப்படுத்தி, சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசினர். இதைப் பிற்பாடு உணர்ந்து, இறப்புக் கணக்குகளை வரைபடமாக்கி அரசின் முன் வைத்த நைட்டிங்கேலின் அறிவு பெரிது. ஆனால் தாதியர் தினத்தன்று அவர் கணக்குப் பார்த்த கதையை எவரும் சொல்வதில்லை, விளக்குப் பிடித்த கதையையே சொல்கின்றனர்.

சுன்னாகத்து வாசகருக்கு இந்தக் கணக்கை நீட்டி விளக்கத் தேவையில்லை. வற்றாத ஆறுகள் இல்லாத, சுண்ணக்கல்லில் ஊறும் நிலத்தடி நீரையே பெரிதும் நம்பி வாழும் யாழ்ப்பாணக் குடாநாட்டில், அனல் மின்நிலையச் சூழலிலிருந்து கசிந்த கழிவெண்ணெய் கிணறுகளில் மிதந்ததும், நீர் ஏந்த மக்கள் பவுசர்களின் பின்னே வரிசையில் நின்றதும், 2019இல் உயர் நீதிமன்றம் கிணற்று உரிமையாளர்களுக்கென இரண்டு கோடி ரூபாய் இழப்பீட்டுக்குத் தீர்ப்பளித்ததும் பழங்கதையாகிவிடவில்லை. நீர் கெட்ட ஊரில் எந்தத் தாதியின் அன்பும் போதாது. ஸ்குட்டாரியின் எண்கள் சீக்கோலின் பெருமையை நிறுவவில்லை என்பது மெய்தான். ஆனால் எந்த உயரத்திலிருந்து அவரைக் குனிந்து பார்க்கிறார்களோ அந்த உயரத்தின் அடித்தளத்தை அவை அசைத்துவிடுகின்றன.

சீக்கோலை ஆதரிப்போரும் முழுமையாக நேர்மையானவர்கள் அல்லர். கறுப்பினத்தின் வீராங்கனையாக மட்டும் அவரைக் காட்டுவோர், 1857இல் வெளியான தன்வரலாற்றில் அவர் தம் ஸ்கொத்லாந்து இரத்தத்தைப் பெருமையோடு குறிப்பிட்டிருப்பதை விழுங்கிவிடுகின்றனர். கலப்பினத்தவரை இரண்டாகப் பிளந்து, வேண்டிய பாதியை எடுத்துக்கொள்வது எல்லாச் சமூகங்களுக்கும் கைவந்த கலை. இலங்கையின் முதற் பெண் மருத்துவர்களுள் இருவரான வினிபிரட் நெல், அலிஸ் டி போயர் ஆகியோர் பறங்கியர், அதாவது ஐரோப்பியருக்கும் இந்நாட்டவருக்கும் பிறந்த வழியினர்; தமிழரின் கணக்கிலும் சிங்களவரின் கணக்கிலும் அவர்கள் எளிதில் வருவதில்லை.

சுன்னாகமும் இணுவிலும் அடங்கிய வலிகாமத்துக்கு இதில் இன்னுமொரு கணக்குத் தீர்க்கக் கிடக்கிறது. இணுவிலில் 1898இல் அமெரிக்க மிஷனின் முயற்சியால் எழுந்த மக்லியொட் பெண்கள் வைத்தியசாலையைப் பற்றிப் பேசும்போது, அங்கு பணியாற்றிய ஸ்கொத்லாந்து மருத்துவர் இசபெலா கர் அம்மையாரின் பெயர் மரியாதையோடு நினைக்கப்படுகிறது, அது தகும். ஆனால் அவ்வைத்தியசாலை எழுவதற்கு முன் தலைமுறை தலைமுறையாக இவ்வூர்களில் பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவிச்சிகளின் பெயர்களைச் சாதியும் சான்றிதழும் சேர்ந்து அழித்துவிட்டன. சீக்கோலின் தாயும் கிங்ஸ்ரனின் மருத்துவிச்சி போன்றவரே. சான்றிதழ் என்பது பெரும்பாலும் அறியாமையிலிருந்து நோயாளரைக் காக்க வந்ததன்று, அறிந்திருந்த பெண்களை வாசலில் நிறுத்தவே வந்தது என்று முடிவு செய்வதில் தயக்கம் வேண்டியதில்லை.

சீக்கோல் இறந்தது 1881 மே 14 அன்று, அதாவது தாதியர் தினம் கழிந்து இரண்டாம் நாள். மே 12 அன்று விளக்கேற்றுவோர் வழமைபோல் ஏற்றட்டும். மே 14 அன்று வலிகாமத்து வைத்தியசாலைகள் ஒவ்வொன்றும் தம் வளவுக் கிணற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்பி, வரும் அறிக்கையை நோயாளர் பார்க்கும்படி வாசலில் ஒட்டிவைக்க வேண்டும்.