வண்ண டப்பா இருக்கட்டும்... முதலில் பென்சில்!

எறையூரிலிருந்து ஒரு அம்மா மெயில் அனுப்பியிருந்தார். ''பொண்ணு எட்டாவது படிக்கிறா. பெயின்ட்டிங்னா உயிர். ஆனா, டிராயிங் மாஸ்டர் மூணு மாசமா பென்சிலைத் தவிர எதையும் தொட விடலை. இப்போ கிளாஸுக்கே போகமாட்டேன்னு அழறா. மாஸ்டரை மாத்திடலாமா?''

மாற்ற வேண்டாம் அம்மா. ஆனால், அவரிடம் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் மாஸ்டர் பக்க நியாயம். ஒரு பித்தளைக் குடத்தை வரைகிறோம் என்று வையுங்கள். மஞ்சளும் பழுப்பும் கலந்து, நடுவில் ஒரு வெள்ளைப் பளபளப்பும் வைத்தாயிற்று. ஆனால், வாய் வட்டம் ஒரு பக்கம் சரிந்திருந்தால், அந்தக் குடம் தரையில் நிற்காது, விழப்போவதுபோலத்தான் தெரியும். அதை எந்த வண்ணமும் காப்பாற்றாது. எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம், எங்கே வளைகிறது, எந்தப் பக்கம் இருட்டு... இவற்றைக் கண்ணுக்குப் பழக்குவதுதான் பென்சில் வேலை.

பக்கத்து ஊர்க்காரர் சாட்சி!

இதற்கு சாட்சி தேடி தூரம் போக வேண்டாம். பெரம்பலூருக்கு மேற்கே இருக்கிற துறையூர் பக்கம், கீராம்பூரில் 1938-ல் பிறந்தவர் ஓவியர் கே.எம்.ஆதிமூலம். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி, காந்தியை மட்டுமே சுமார் நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். எல்லாம் கறுப்பு வெள்ளை. கி.ராஜநாராயணனின் கரிசல் காட்டு எழுத்துக்கு அவர் போட்ட கோடுகளை இன்றும் பேசுகிறார்கள்.

சுவாரஸ்யம் இனிமேல்தான். பின்னாளில் அவர் உருவங்களையே விட்டுவிட்டு, வெறும் வண்ணங்களால் பெரிய பெரிய கேன்வாஸ்களை நிரப்பினார். அதில் குடமும் இல்லை, முகமும் இல்லை. அப்புறம் கோடு எதற்கு என்று தோன்றும். எந்த நிறம் எங்கே கனக்கும், எங்கே வெற்றிடம் விட வேண்டும் என்ற கணக்கு, அத்தனை வருடம் கறுப்பு வெள்ளையில் வரைந்த கையில் ஊறியிருக்கும் என்பது என் எண்ணம்.

மாஸ்டரிடம் என்ன பேசுவது?

பென்சில் அவசியம் என்பதற்காக, எட்டாவது படிக்கும் பிள்ளையிடமிருந்து வண்ணத்தைப் பூட்டி வைக்க வேண்டியதில்லை. ஆசை போய்விட்டால் அஸ்திவாரம் போட்டு என்ன பயன்? வாரத்தில் ஐந்து நாள் பென்சில், இரண்டு நாள் வண்ணம் என்று கேட்டுப்பாருங்கள். அந்த வாரம் பென்சிலில் வரைந்ததையே வண்ணத்திலும் தீட்டச் சொல்லுங்கள். பென்சில் எதற்கு என்று பொண்ணுக்கே புரிந்துவிடும்.

வீட்டில் செய்ய நான்கு விஷயங்கள் (அப்பா, தாத்தாவும் சேரலாம்!):

* தினமும் 20 நிமிடம். பழைய நோட்டின் பின்பக்கம் போதும்.

* போன் போட்டோவைப் பார்த்து வரையாமல், எதிரே இருப்பதை வரையுங்கள். செருப்பு, தூங்கும் பூனை, ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்... எதுவானாலும் சரி.

* ரப்பர் வேண்டாம். கோடு தப்பினால் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடுங்கள். எங்கே தப்பினோம் என்பது கண்ணெதிரே இருக்கும்.

* கையை முழுசாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலால் அளவெடுங்கள். குடத்தின் கழுத்து, வயிற்றில் எத்தனை பங்கு என்று தெரிந்துவிடும்.

வண்ணம் தீட்டி முடித்ததும் ஒரு சோதனை. படத்தை போனில் எடுத்து, கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். பூவும் இலையும் ஒரே சாம்பல் நிறமாகக் கலந்துவிட்டதா? சிவப்பையும் பச்சையையும் மாற்றி மாற்றிப் பூசினால் மட்டும் அது சரியாகாது. எது வெளிச்சம், எது நிழல் என்று முதலில் பென்சிலால் பிரித்துப் பாருங்கள். பிறகு பிரஷ்ஷை எடுக்கலாம்.