அமுக்குங்க, ஆனா அளக்காதீங்க

"கீமோ வேண்டாம், கத்தி வேண்டாம், விரல் போதும்"னு ஒரு வைத்தியக் கூட்டம் ஊருக்குள்ள கிளம்பியிருக்கு. எங்க சித்திக்கு மார்பகப் புற்றுநோய்னு தெரிஞ்ச வாரமே சொந்தக்காரங்க வழியா வீட்டு வாசலுக்கு வந்துட்டாங்க. கேட்டது ஒண்ணே ஒண்ணு: இங்கிலீஷ் மருந்தை நிறுத்தணுமாம். உடம்பு தானா சரியாயிடுமாம்.

இதோ பாருங்க மக்களே, அக்குபிரஷர் மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை. உள்ளங்கைப் பக்கம், மணிக்கட்டு ரேகையிலேர்ந்து மூணு விரல் அகலம் தள்ளி, ரெண்டு தசைநாணுக்கு நடுவுல இருக்கிற இடத்துக்கு பி6னு பேர். அங்க அழுத்தினா கீமோ அன்னிக்கு வர்ற குமட்டல் கொஞ்சம் குறையுதுன்னு 2006ல வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்லுது. வாந்தி குறையலை, அடுத்தடுத்த நாள் குமட்டலும் குறையலை. முக்கியமான விஷயம், அந்த ஆய்வுகள்ல இருந்தவங்க வாந்தி மருந்தையும் சேர்த்துத்தான் எடுத்துக்கிட்டாங்க. விரல் ஒத்தாசைக்கு வந்தது, மருந்தை வீட்டுக்கு அனுப்பலை.

சரி, பயத்துக்கு? ஆபரேஷனுக்கு முன்னாடி புருவ மத்தியில அழுத்தினா பதட்டம் தணியுதுன்னு சின்னச் சின்ன ஆய்வுகள் இருக்கு. ஆனா பயந்து கிடக்கிற ஒருத்தர் பக்கத்துல உக்காந்து பத்து நிமிஷம் கையைப் பிடிச்சா யாருக்கும்தான் மனசு இறங்கும். புள்ளியோட வேலையா, பிடிச்ச கையோட வேலையா? சும்மா வேற இடத்துல அழுத்தற குழுவை வெச்சு ஒப்பிடாம சொல்ல முடியாது. நாம எழுதற நாலு வரி கோடையே டெஸ்டிங் பண்ணாம ரிலீஸ் பண்றதில்லை (சரி சரி, சிரிக்காதீங்க). 2023ல அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமும் இன்னொரு அமைப்பும் சேர்ந்து பதட்டத்துக்குன்னு வழிகாட்டி போட்டாங்க. சிகிச்சை நடக்கும்போது செய்யக்கூடியதுன்னு தியானம், யோகா, இசை, பாதத்துல அழுத்தற ரிஃப்ளெக்ஸாலஜி எல்லாம் அதுல இருக்கு. எதுவும் கீமோவுக்கு பதிலா இல்லை.

பதிலா எடுத்துக்கிட்டா என்ன ஆகும்? 2018ல யேல் பல்கலைக்கழக ஆளுங்க வெளியிட்ட ஆய்வு இருக்கு. பரவாத நிலையில இருந்த புற்றுநோய்க்கு மாற்று வைத்தியம் மட்டும் பார்த்த 281 பேரை, வழக்கமான சிகிச்சை எடுத்தவங்களோட ஒப்பிட்டாங்க. சாவு அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில அஞ்சு மடங்குக்கும் மேல. "பக்கவிளைவே இல்லாத வைத்தியம்"னு சொல்றவங்க இந்தக் கணக்கை எதுல எழுதுவாங்க?

உடனே "அப்படிப் போடு"ன்னு பின்னூட்டம் போட வர்ற பகுத்தறிவுச் சிங்கங்களே, கொஞ்சம் நில்லுங்க. அந்த வைத்தியர்கிட்ட போன படிச்ச ஜனமெல்லாம் முட்டாளா? சித்தி போற ஆஸ்பத்திரியில டாக்டர் மூணு நிமிஷம் பார்க்கறார். ரத்த அளவு கேட்கறார், எடை கேட்கறார். "ராத்திரி தூக்கம் வருதாம்மா, பயமா இருக்கா"ன்னு ஒரு தடவை கூட கேட்கலை. வந்த வைத்தியர் முக்கால் மணி நேரம் கேட்டார். முடி கொட்டறதைப் பத்தி, பொண்ணு கல்யாணத்தைப் பத்தி எல்லாம் சித்தி அவர்கிட்டதான் அழுதாங்க. அவரோட முதலீடே ஆஸ்பத்திரி கண்டுக்காம விட்ட அந்த பயம்தான். கீமோ வார்டுல நோயாளியோட பேச ஒரு மனநல ஆலோசகர், கூட வந்தவங்களுக்கு பி6 எங்க இருக்குன்னு காட்டிக் கொடுக்க ஒரு நர்ஸ், இதுக்கு என்ன பெரிய செலவு? அதைக் கேட்காம போலி வைத்தியரை மட்டும் திட்டிக்கிட்டு இருந்தா அவர் கடையில கூட்டம் குறையாது.

சித்தி கீமோவை நிறுத்தலை. நாலாவது முடிஞ்சிருக்கு. மணிக்கட்டை அமுக்கி விடறது அவங்க பொண்ணோட வேலை, காசு கிடையாது.

டிஸ்கி: வீட்டுல செய்யப் போறவங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. கீமோவுல பிளேட்லெட் இறங்கியிருந்தா அழுத்தின இடம் கன்னிப் போகும். நிணநீர்க் கட்டி எடுத்து வீங்கின கை, கீமோ போர்ட் வெச்ச இடம், கட்டி இருக்கிற இடம், இதுங்க பக்கம் விரலே போகக்கூடாது.