ஊர் என்றால் யாருடைய ஊர்?

போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு சண்டை. கைகலப்பு இல்லை, டீ ஆறிப்போகிற அளவுக்கு வாய்ச்சண்டை. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் நோயாளிகளுக்குக் கஞ்சா விற்கும் கடைகளை நகரமன்றங்கள் தடைசெய்த கதையை நான் பேசினேன். சட்டக் கல்லூரித் தம்பி ஒருவன் எழுந்தான். "இதுல என்னண்ணே தப்பு? ஊர் மக்கள் கூடி எங்க ஊர்ல கஞ்சாக் கடை வேணாம்னு முடிவு பண்ணா அதுதானே சனநாயகம்? அதிகாரத்தைக் கீழ கொண்டுவாங்கன்னு நாமதானே சொல்றோம்?" பாதிப்பேர் தலையாட்டினார்கள். எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்குப் பதில் சரியாக வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

முதலில் ஒன்று. கஞ்சாவுக்குக் கொடி பிடிக்க நான் வரவில்லை. சாராயம் நம் சேரிகளில் எத்தனை குடும்பத்தைத் தின்றது என்று எனக்குத் தெரியும். 'கஞ்சா கேஸ்' என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு நம் பையன்களை எப்படி மிரட்டலாம் என்பதும் தெரியும். என் கேள்வி ஊரைப் பற்றியது. நோயாளிக்குச் சட்டம் கொடுத்ததை ஊர் பிடுங்கலாமா? அப்படிப் பிடுங்குகிற அந்த 'ஊர்' யார்?

கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். 1980களின் கடைசியில் சான் பிரான்சிஸ்கோவில் எய்ட்ஸ் நோயால் இளைஞர்கள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். மருந்து குமட்டியது. சாப்பாடு இறங்கவில்லை. எலும்பும் தோலுமாகக் கிடந்தவர்கள், கஞ்சா புகைத்தால் குமட்டல் அடங்குகிறது, இரண்டு வாய் உள்ளே போகிறது என்று அனுபவத்தில் கண்டார்கள். ஓரினக் காதலர்கள் என்று ஏற்கெனவே ஒதுக்கப்பட்டவர்கள், நோயால் இன்னும் ஒதுக்கப்பட்டார்கள். குமட்டலை அடக்கியதற்காகக் குற்றவாளிகளும் ஆனார்கள். டென்னிஸ் பெரோன் தன் துணைவர் ஜோனதன் வெஸ்ட்டை 1990இல் எய்ட்ஸுக்குப் பறிகொடுத்தவர். அவரும் தோழர்களும் வீதிக்கு வந்தார்கள். 1991இல் சான் பிரான்சிஸ்கோ நகர வாக்காளர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் மருத்துவக் கஞ்சாவை ஆதரித்து வாக்களித்தார்கள். 1996 நவம்பரில் மாநிலம் முழுக்க வாக்கெடுப்பு. 215ஆம் முன்மொழிவு 55 விழுக்காட்டுக்கு மேல் வாங்கி வென்றது. மருத்துவர் பரிந்துரைத்தால் நோயாளி கஞ்சா வைத்திருக்கலாம், வளர்க்கலாம், மாநிலச் சட்டப்படி அது குற்றமில்லை என்று ஆனது.

கஞ்சா சர்வரோக நிவாரணி அல்ல. அப்படிச் சொல்கிறவன் வியாபாரி. ஆனால் நாட்பட்ட வலிக்கும், கீமோ சிகிச்சை தரும் குமட்டலுக்கும், தண்டுவட மரப்பு நோயின் தசை இறுக்கத்துக்கும் பலன் உண்டு என்பதற்குப் போதிய சான்று இருப்பதாக அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் அறிக்கை 2017இல் சொன்னது. நோயாளிகள் இருபது வருடம் முன்னாலேயே சொன்னது அதுதான். உடம்பு அவர்களுடையது.

சரி, சட்டம் வந்துவிட்டது. எங்கே போய் வாங்குவது? கீமோ ஏற்றிக்கொண்டு படுத்திருக்கிறவள் விதை போட்டு, தண்ணீர் ஊற்றி, மாதக்கணக்கில் பூவுக்குக் காத்திருக்க முடியுமா? நோயாளிகள் கூட்டாகச் சேர்ந்து பயிரிடுவதற்கு 2003இல் இன்னொரு சட்டம் இடம் கொடுத்தது. கடைகள் பெருகின. அப்போதுதான் ஊர் அளவு நாடாவைக் கையில் எடுத்தது. பள்ளிக்கூடத்திலிருந்து இத்தனை அடி, பூங்காவிலிருந்து இத்தனை அடி. எந்தக் கடைக்கும் விதி வேண்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நாடா நீண்டுகொண்டே போய் ஊர் முழுவதையும் சுற்றிக்கொண்டது.

ரிவர்சைடு நகரம், மருத்துவக் கஞ்சாக் கடை என்பதையே நிலப் பயன்பாட்டு விதியில் தடைசெய்யப்பட்ட பயன்பாடு என்று எழுதிவைத்தது. மீறினால் 'பொதுத் தொல்லை'. வழக்கு கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் வரை போனது. 2013 மே மாதம் ஏழு நீதிபதிகளும் ஒரே குரலில் நகரத்தின் பக்கம் நின்றார்கள். மாநிலச் சட்டம் நோயாளியைச் சில தண்டனைகளிலிருந்து காப்பாற்றுகிறது, அவ்வளவுதான், ஒவ்வொரு ஊரும் கடைக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை என்றார்கள். லைவ் ஓக் என்ற சிறு நகரம் வீட்டில் செடி வளர்க்கவும் தடை போட்டிருந்தது. அதே ஆண்டு நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் சரி என்றது. ஆக, உனக்கு உரிமை உண்டு. ஆனால் இங்கே வாங்காதே, இங்கே வளர்க்காதே. உரிமையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்.

கார் இருக்கிறவனுக்கு இதில் ஒன்றும் குறையவில்லை. அடுத்த நகரத்துக்கு ஓட்டிப் போவான். சக்கர நாற்காலியில் இருக்கிறவள், மாத உதவித்தொகையில் மருந்தும் வாடகையும் பார்க்கிறவள், அவள்தான் மாட்டிக்கொள்கிறாள். எல்லாருக்கும் பொதுவாகப் போட்ட தடை ஏழை நோயாளியின் கழுத்தில் வந்து விழுகிறது.

எனக்கு ஏன் சுருக்கென்றது என்று சொல்ல வேண்டும். 2011இல் என் அம்மா கர்ப்பப்பைப் புற்றுநோயில் செத்தாள். நடவுக்கும் களைக்கும் போன உடம்பு. கடைசி இரண்டு மாதம் வலியில் கத்தினாள். மார்ஃபின் கொடுத்தால் அடங்கும் என்று டாக்டரே சொன்னார். சொல்லிவிட்டு, "இங்க ஸ்டாக் இல்ல, லைசன்ஸ் கிடையாது, மெட்ராஸ் போய்ப் பாருங்க" என்றார். மார்ஃபின் இந்தியாவில் தடைசெய்யப்பட்ட மருந்தல்ல. அதற்கான கசகசாச் செடியை அரசாங்க அனுமதியோடு மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் வயல் வயலாகப் போடுகிறார்கள். ஆனால் 1985ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டமும், அதன்மேல் மாநிலத்துக்கு மாநிலம் போட்ட உரிம விதிகளும் சேர்ந்து ஆஸ்பத்திரிகளைப் பயமுறுத்தி வைத்திருந்தன. அந்த உரிமக் குழப்பத்தைத் தீர்க்கச் சட்டத்தைத் திருத்தியது 2014இல். அம்மா போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. சட்டத்தில் இருக்கிற மருந்து ஊரில் இல்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த இரண்டு மாதம் எனக்குப் பாடம் நடத்தியது.

இனி ஊருக்கு வருவோம். அமெரிக்க நகரங்களின் அளவு நாடாவுக்கு ஒரு வரலாறு உண்டு. 1875இல் சான் பிரான்சிஸ்கோ நகரம் அபினி புகைக்கும் இடங்களைத் தடைசெய்தது. அபினி கலந்த மருந்தை வெள்ளைக்காரர்கள் பாட்டிலில் வாங்கிக் குடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். குறி, சீனத் தொழிலாளிகள் உட்கார்ந்து புகைத்த இடம். 1880இல் அதே நகரம், மரக் கட்டடத்தில் சலவைக்கடை வைக்க நகர மேற்பார்வையாளர்களின் அனுமதி வேண்டும் என்றது. விதியில் சீனன் என்ற சொல்லே கிடையாது. தீ விபத்தைத் தடுக்கவாம்! சுமார் 200 சீனர்கள் விண்ணப்பித்தார்கள், ஒருவருக்கும் அனுமதி இல்லை. மற்றவர்களில் ஒருவரைத் தவிர எல்லாருக்கும் கிடைத்தது. எழுத்தில் நேராக இருக்கும் சட்டத்தைக் கோணலான கையால் நடத்தினாலும் அது அநீதிதான் என்று 1886இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. 1910இல் பால்டிமோர் நகரம் கறுப்பர் வாழும் தெரு, வெள்ளையர் வாழும் தெரு என்று வெளிப்படையாகவே பிரித்துச் சட்டம் போட்டது. இந்த வகைச் சட்டம் செல்லாது என்று 1917இல் தீர்ப்பு வந்தது. 1926இல் பொதுவான நிலப் பயன்பாட்டு விதிகளுக்கு அதே நீதிமன்றம் பச்சைக்கொடி காட்டியது. அதற்குப் பிறகு நிறத்தின் பெயரை எழுதத் தேவையில்லை. மனையின் அளவை எழுது. அடுக்குமாடி கூடாது என்று எழுது. வேண்டாதவன் தானாக வெளியே நிற்பான்.

கஞ்சாக் கடைத் தடை எல்லாமே நிறவெறி என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது சோம்பேறித்தனம். நான் சொல்வது, கருவி அதே கருவி. யார் பக்கத்தில் வந்தால் நம் மனை விலை குறையும், யார் வாசலில் நின்றால் நமக்குக் கூச்சம் என்று சொத்து உள்ளவன் கேட்கிற கேள்விக்கு அரசாங்க முத்திரை குத்தித் தருவது. 'தொல்லை' என்ற அந்தச் சொல் நமக்குப் புதுசா? நம் சாவு ஊர்வலம் தொல்லை. நம் பறை தொல்லை. நம் மாட்டுக்கறி தொல்லை.

தம்பி சொன்ன 'கீழே வரும் அதிகாரம்' பற்றி அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசியதை நாம் மறக்கக் கூடாது. கிராமத்தை அலகாக வைக்காமல் தனிமனிதரை அலகாக வைத்ததற்காக அவர் மகிழ்ந்தார். ஏன்? ஊர் கூடினால் யார் கூடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். கலிஃபோர்னியா வாக்களித்த அதே 1996இல் இங்கே உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் தலைவர் பதவி தலித்துக்கு என்றது சட்டம். முடியாது என்றது ஊர். 2006 வரை அந்த நாற்காலியில் நம்மாள் உட்கார முடியவில்லை. மேலவளவில் உட்கார்ந்த முருகேசனை 1997 சூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். அந்தக் கொலையையும் ரிவர்சைடு தீர்மானத்தையும் ஒரே தராசில் நான் வைக்கவில்லை. மேலே கொடுத்ததைக் கீழே மறிக்கலாம் என்கிற அந்த நியாயம் இருக்கிறதே, அதைத்தான் அடையாளம் காட்டுகிறேன்.

எதிர்க்கேள்வி ஒன்று இருக்கிறது. அது பலமானது. தெற்கு லாஸ் ஏஞ்சலிசின் ஏழைக் கறுப்பர்களும் லத்தீன் மக்களும், எங்கள் தெருவில் இத்தனை கடை வேண்டாம் என்று சொன்னபோது? அது அவர்கள் உரிமைதான். 1992 கலவரத்தில் எரிந்த சாராயக் கடைகளைத் திரும்பக் கட்ட விடாதே என்று அங்கே போராடினார்கள். அவர்கள் பக்கம்தான் நான். ஆனால் கடைகள் ஏன் அங்கே போய்க் குவிகின்றன? வசதியான நகரங்கள் கதவைச் சாத்தினால் திறந்திருக்கிற தெருவில் கூட்டம் சேரும். ஊர் தன் குப்பையைச் சேரி ஓரத்தில் கொட்டுவது மாதிரி. பங்கு பிரிக்காத ஊர்களின் பங்கையும் ஏழைத் தெரு சுமக்கிறது. தன் தெருவில் பத்துக் கடை வேண்டாம் என்பவளும், முழு நகரத்திலும் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பவனும் ஒன்றல்ல.

உரிமம் கொடுத்த ஊரிலும் யாருக்குக் கிடைத்தது என்று பாருங்கள். கறுப்புச் சிறுத்தைகள் கட்சி 1966இல் பிறந்த ஓக்லண்டு நகரம். அங்கிருந்துதான் அந்தப் பெயர் 1972இல் மும்பைக்கு வந்து தலித் சிறுத்தைகள் ஆனது. கறுப்பரும் வெள்ளையரும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் கஞ்சா பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதை வைத்திருந்ததற்காகக் கறுப்பர் கைதாகும் வாய்ப்பு 3.73 மடங்கு என்று அமெரிக்கக் குடியுரிமைச் சங்கம் 2010ஆம் ஆண்டுப் புள்ளிவிவரத்தை வைத்து 2013இல் எழுதியது. வியாபாரம் சட்டபூர்வமானதும் கல்லாவில் உட்கார்ந்தது யார்? ஓக்லண்டு 2017இல் இதைச் சரிசெய்யப் பார்த்தது. கஞ்சா வழக்கில் தண்டனை பெற்ற, அல்லது போலீஸ் கெடுபிடி மிகுந்த பகுதியில் வாழ்ந்த, வருமானம் குறைந்த உள்ளூர்வாசிகளுக்குப் பாதி உரிமம் என்றது. நல்ல காரியம். ஆனால் மத்தியச் சட்டத்துக்குப் பயந்து பெரிய வங்கிகள் இந்த வியாபாரத்திலிருந்து ஒதுங்கியே நின்றன. வங்கிக் கடன் இல்லாவிட்டால்? பணக்காரன் முதல் போட்டான், உரிமத்தில் பேர் மட்டும் கறுப்பன் பேர் என்று ஆன கதைகள் வந்தன. நமக்குத் தெரிந்த சொல்தான், பினாமி. வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவன் நான். தாட்கோ ஒப்புதல் கடிதத்தைப் பிளாஸ்டிக் கவரில் பத்திரமாகக் கொண்டுவரும் தம்பிகளைப் பார்க்கிறேன். "ஜாமீன் யாரு?" என்ற ஒரு கேள்வியில் அந்தக் கடிதம் வெறும் காகிதமாவதையும் பார்க்கிறேன்.

இதற்குப் பிறகு என்ன நடந்தது? 2016இல் கலிஃபோர்னியா பொதுப் பயன்பாட்டையே சட்டபூர்வமாக்கியது. வீட்டுக்குள் ஆறு செடி வளர்ப்பதை இனி எந்த நகரமும் தடுக்க முடியாது என்றது. ஆனால் கடையைத் தடுக்கும் அதிகாரத்தை ஊர்களுக்கே விட்டது. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் அங்குள்ள நகரங்களிலும் மாவட்டங்களிலும் பாதிக்கு மேல் கடைக்கு இடம் தரவில்லை. 2022இல் ஒரு சட்டம் இயற்றி 2024 சனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். நோயாளியின் வீட்டுக்கு மருத்துவக் கஞ்சாவைக் கொண்டுபோய்க் கொடுப்பதை எந்த ஊரும் தடைசெய்யக் கூடாது. கடையைத் தடைசெய்யலாம்.

வரவேற்கிறேன். படுக்கையில் கிடப்பவளுக்கு அது பெரிய விடுதலை. ஆனாலும் என் நாக்கில் ஒரு கசப்பு தங்குகிறது. டீக்கடைக்குள் வராதே, வெளியே கொண்டுவந்து ஊற்றுகிறேன் என்கிற ஏற்பாட்டை நாம் குடித்து வளர்ந்தவர்கள் அல்லவா?

ஆகவே தம்பி, என் பதில் இதுதான். ஊர் விதி போடட்டும். எத்தனை மணிக்கு மூடுவது, பள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளி, யார் கண்காணிப்பது, எல்லாம் பேசட்டும். ஆனால் நோயாளியின் மருந்து ஊர் கைதூக்கி முடிவு செய்யும் சமாச்சாரம் அல்ல. எண்ணிக்கையில் அதிகமானவன் எண்ணிக்கையில் குறைந்தவனின் வலியின்மேல் வாக்களிக்க முடியாது. இனிமேல் யாராவது 'ஊர் முடிவு' என்று சொன்னால், கைதட்டும் முன்னால் மூன்று கேள்வி கேள். அந்தக் கூட்டத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? யார் நின்றுகொண்டிருந்தார்கள்? யாரைக் கூப்பிடவே இல்லை?