வெண்விரிப்பின் கறையும் உள்ளத்தின் உறுத்தலும்

 

நம் இல்லங்களில் பேசப்படாத சிறு துயரம் ஒன்று உண்டு. வெண்ணிறப் படுக்கை விரிப்பில் காய்ந்துபோன இரத்தக் கறையைக் கண்டு, அதைச் சுருட்டி அலமாரியின் அடியில் மறைக்கும் பருவப் பெண்ணின் துயரம் அது. சிறுநீரை அடக்க இயலாத முதியவர், விடிந்ததும் மருமகளின் முகத்தைப் பார்க்கக் கூசுவதும் அதே துயரமே. மறைக்கப்பட்ட கறை நாட்கள் செல்லச் செல்ல இறுகுகிறது. பின்னர் எவ்வளவு துவைத்தாலும் மங்கலான தடம் எஞ்சுகிறது. "இது இன்னும் நஜீஸ்தானோ? இதை விரித்துத் தொழலாமா?" என்ற ஐயம் அதனுடன் சேர்ந்துகொள்கிறது.

மார்க்கம் இவ்விஷயத்தைக் கூச்சத்திற்கு உரியதாகக் கருதவில்லை. ஆடையில் பட்ட மாதவிடாய் இரத்தத்தை என்ன செய்வது என்று ஒரு பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் நேரடியாகவே வினவினார். அதைச் சுரண்டி, நீர்விட்டு விரல்களால் தேய்த்து, பின் அலசிவிட்டு, அந்த ஆடையிலேயே தொழலாம் என்று அண்ணலார் வழிகாட்டினார்கள். அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் உள்ளது. கேட்டவரும் வெட்கித் தயங்கவில்லை. பதிலளித்தவரும் முகம் சுளிக்கவில்லை.

கவ்லா பின்த் யஸார் (ரலி) தொடர்பாக அபூதாவூதில் வரும் செய்தி நம் ஐயத்திற்கு இன்னும் நெருக்கமானது. கழுவிய பிறகும் இரத்தத்தின் அடையாளம் போகாவிட்டால் என்ன செய்வது என்று அவர் கேட்டபோது, நீரால் கழுவுவதே போதுமானது, எஞ்சும் தடத்தால் தீங்கில்லை என்ற கருத்தில் பதில் கிடைத்தது. போக்குவதற்குக் கடினமான நிறம் எஞ்சினால் அது மன்னிக்கப்படும் என்றே சட்ட அறிஞர்களும் விளக்குகின்றனர். ஆக, தூய்மை வேறு, வெண்மை வேறு. அசுத்தப் பொருளை அகற்றுவதே கடமை. துணியைப் பால்போல் வெளுக்கச் செய்வது கடமையன்று.

எனினும், முயற்சியைக் கைவிட இது சாக்காகிவிடலாகாது. அழகிய விரிப்பைச் சற்றே கறை பட்டதற்காக வீசியெறிவதும் வீண்விரயமே. ஆகவே முறையறிந்து செய்வோம்.

முதலில் காய்ந்த படிவை மழுங்கிய கத்தி அல்லது கரண்டியின் விளிம்பால் மெல்லச் சுரண்டுங்கள். பின்னர் குளிர்ந்த நீரில் சில மணி நேரம் ஊறவையுங்கள். வெந்நீர் வேண்டவே வேண்டாம். இரத்தத்திலுள்ள புரதம் சூட்டில் உறைந்து நூலிழையைப் பற்றிக்கொள்ளும். பலரும் முதலில் செய்யும் பிழை இதுதான். ஊறியபின் சோப்பிட்டு விரல்களால் கசக்கி அலசுங்கள். அப்போதும் தடம் இருப்பின், வெள்ளைப் பருத்தித் துணிக்கு மட்டும், மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை 3 சதவீத அளவில் கறையின் மீது விட்டு, நுரைத்து அடங்கியதும் அலசலாம். புட்டியில் 6 சதவீதம் என்றிருந்தால் சம அளவு நீர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிறுநீர்க் கறைக்கு, ஒரு பங்கு வினிகருடன் நான்கு பங்கு நீர் கலந்து ஊறவைத்துத் துவைத்தால் வாடையும் தணியும். ஆனால் பிளீச்சிங் பவுடரை வினிகருடனோ, சிறுநீர் தோய்ந்த துணியிலோ சேர்க்காதீர்கள், நச்சுவாயு எழும். பெராக்சைடையும் வினிகரையும்கூட ஒன்றாகக் கலக்கலாகாது. கறை அகலும் முன் இஸ்திரி போடுவதையும் தவிருங்கள். எதைப் பயன்படுத்தினாலும் இறுதியில் தூய நீரால் நன்கு அலசுவது அவசியம். தொழுகைக்குரிய தூய்மை அதில்தான் நிறைவடைகிறது.

இத்தனைக்குப் பிறகும் மங்கலான நிழல் எஞ்சினால் மனத்தை அலைக்கழிக்காதீர்கள். அதே துணியைப் பத்து முறை அலசி, வாளி வாளியாக நீரைக் கொட்டுவது பேணுதல் அன்று, வஸ்வாஸ். அதற்கு இடங்கொடுத்தவர் நாளடைவில் தொழுகையையே சுமையாக உணரத் தொடங்குவார்.

இறுதியாக ஆண்களுக்கு ஒரு சொல். அண்ணலார் வீட்டில் இருக்கையில் தம் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருந்தார்கள் என ஆயிஷா (ரலி) கூறியது புகாரியில் பதிவாகியுள்ளது. நோயுற்ற தந்தையின் விரிப்பைத் துவைக்க வேண்டியவர் மருமகள் மட்டும்தானா? மகனின் கை அந்த வாளிக்குள் நுழையட்டும். மகளின் விரிப்பில் கறை கண்ட தாய், அதட்டலுக்குப் பதிலாக அஸ்மா (ரலி) அறிவித்த செய்தியை அவளுக்குச் சொல்லித் தரட்டும். துணியின் கறையை நீர் போக்கிவிடும். நாம் சொல்லும் கடுஞ்சொல் ஒரு பிள்ளையின் உள்ளத்தில் பதிக்கும் கறையைப் போக்குவது அத்தனை எளிதன்று.

வல்ல ரஹ்மான் நம் ஆடைகளையும் உள்ளங்களையும் தூய்மையாக்கி அருள்வானாக. ஆமீன்.